சோளக்காட்டைச் சுற்றி ஒரு பள்ளம்

முப்பத்து நான்கு வயதில் ஒருத்தி போனில் கேம் ஆடுகிறாள் என்றால் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். மூக்கண்டப்பள்ளியில் காலை ஐந்து இருபதுக்குக் கம்பெனி பஸ் ஏறினால், சூளகிரி தாண்டி எங்கள் தொழிற்சாலை வாசலில் இறங்க முக்கால் மணி நேரம். திரும்பி வர இன்னொரு முக்கால் மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம் என்னுடையது. அதில் நான் தூங்குவதா ஆடுவதா என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, என் மாமியாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த ஆறு மாதத்தில் ஐந்து கேம் ஆடியிருக்கிறேன். முதலில் பஸ் ஓட்டுகிற கேம். அடேயப்பா, மலை வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளங்கையெல்லாம் வியர்த்துவிடும்! ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசி ஆள் ஏறும்வரை நான் நின்றேன். ஓடி வருகிறவளை விட்டுவிட்டுப் போகிற டிரைவர்களை எனக்கு நிஜத்திலேயே பிடிக்காது. தாமதம், தாமதம் என்று மார்க்கைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். போங்கடா என்று அழித்துவிட்டேன்.

அடுத்தது சமையல் கேம். நான் வேலையில் பிரேக் பாகங்களைச் சோதித்து அனுப்புகிறவள். ஓரத்தில் ஒரு கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவேன். அப்படிப்பட்டவள் ஓரம் கருகிய பர்கரை எப்படிப் பரிமாறுவது? குப்பையில் போட்டேன். அடுத்ததையும் போட்டேன். எட்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள், கடை மூடியது. மூன்றாவது, பக்கத்து சீட் வினோதா என்னைத் தன் அணியில் சேர்த்துக்கொண்ட சண்டை கேம். நூறு பேர் தீவில் குதித்தோம். நான் ஒரு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "வெளிய வாக்கா, ஆளு வர்றான், சுடு!" என்று வினோதா கத்தக் கத்த அசையவே இல்லை. ஒரு குண்டுகூடச் சுடாமல் ஏழாவது இடம்! அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்காவது பேய் பங்களா. நான் போட்ட அலறலில் கம்பெனி பஸ் டிரைவரே பிரேக் அடித்துவிட்டார், அத்தோடு அதுவும் போயிற்று.

"ஆயித்தா அக்கா?" என்று வினோதா ஒவ்வொரு முறையும் கன்னடத்தில் கேட்பாள், முடிஞ்சதா என்று. முடிந்ததே இல்லை. எதை எடுத்தாலும் பாதியில் கோபம் வந்து அழித்துவிடுகிறவள் நான். ஒரே ஒரு கேமையாவது கடைசிவரை ஆடி, அந்த 'முற்றும்' திரையை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது.

அப்போது வந்து சேர்ந்ததுதான் ஐந்தாவது, வயல் கேம். இதை நானும் என் வீட்டுக்காரர் மாதேஷும் சேர்ந்து ஆடுகிறோம். ஒரே வயல், ஒரே வீடு, இரண்டு போன். அவர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் அவருக்கு மதிய ஷிப்ட். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார், அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். ஒருவர் வைத்துவிட்டுப் போன குழம்பைத்தான் இன்னொருவர் சூடு பண்ணிச் சாப்பிடுவோம். கேமிலும் அதே கதைதான். நான் விதைத்துவிட்டுப் போனால் அவர் தண்ணீர் விடுவார். கேம் வீட்டு வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. எங்கள் இருவர் கம்பெனியிலும் ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவருக்குக் குறிப்பு எழுதிவைப்பது வழக்கம். அதையே நாங்கள் பலகையில் செய்தோம். "கோழிக்குத் தீனி வெச்சாச்சு. தக்காளி நாளைக்குப் பறிக்கலாம்." "சரி. ரசம் அடுப்பு மேல இருக்கு." சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

இந்தக் கேமுக்கு முடிவு என்பது அறுவடைச் சந்தை. விளைந்த மக்காச்சோளத்தை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டியை ஒருவர் தள்ளினால் நகராது, இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்து தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சந்தை முடிந்துவிடும். தவறவிட்டால் மறுபடி விதையிலிருந்து ஆரம்பம். என் குணம் எனக்குத் தெரியும். தவறினால் அன்றைக்கே அழித்துவிடுவேன்.

ஞாயிறு இருவருக்கும் லீவு என்று நம்பியிருந்தேன். சனிக்கிழமை அவர் கம்பெனியில் மறுநாளுக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள், காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. எனக்கு வந்த கோபத்தில் தோசைக்கல்லை வைத்த வேகத்துக்கு அடுப்பே ஆடியது. பிறகு நானே வழி கண்டுபிடித்தேன். மூன்றரைக்கு அவருக்கு டீ இடைவேளை, பதினைந்து நிமிடம். லாக்கரிலிருந்து போனை எடுத்துக் கேன்டீனில் உட்கார்ந்து தள்ளினால் போதும்.

ஞாயிறு காலை எழுந்ததும் அறுவடையில் இறங்கினேன். இந்தக் கேமில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வேலைதான் செய்யத் தெம்பு. பன்னிரண்டையும் சோளத்தில் செலவழித்து வண்டியை நிரப்பிவிட்டேன். பொன் நிறத்தில் என்ன அழகு! வயலுக்குப் பின்னால், மலைப் பக்கமாக, நாலு நாளாக மாதேஷ் ஏதோ வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்தார். "பின்பக்க வேலை முடிஞ்சது" என்று பலகையில் எழுதியும் வைத்திருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று முப்பத்திரண்டுக்கு அவர் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் கேன்டீன் டம்ளர் சத்தம்.

"உள்ள வந்துட்டன் மேகலா. தள்ளு."

தள்ளினோம். வண்டி நகர்ந்தது! என் நெஞ்சு அடித்த அடி பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். வீட்டைத் தாண்டி, கோழிக்கூண்டைத் தாண்டி, வயல் வாசலுக்கு வந்ததும் வண்டி நின்றது. முன்னால் கறுப்பாக ஒரு கோடு. போனைக் கிட்ட வைத்துப் பார்த்தேன். பள்ளம். பின்பக்கத்தில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் சுற்றி, முன்வாசலையும் சேர்த்து முழு வயலையும் வளைத்துக்கொண்டு ஓடியது.

"ஏங்க, இது என்னாங்க வாசல்ல பள்ளம்?"

"நாந்தான். காலைல பஸ்ல வரும்போது முன்பக்கம் முடிச்சன்."

"எதுக்கு?"

"ஆனைக்கு" என்றார்.

"கேம்ல ஏதுங்க ஆனை!" நான் கத்திய கத்தலில் நிச்சயமாக அந்தக் கேன்டீனே திரும்பிப் பார்த்திருக்கும். "கோழி இருக்குது, பன்னி இருக்குது, ஒரு நரி இருக்குது. ஆனை எங்க இருக்குது? வண்டி எப்பிடிப் போகும்னு யோசிச்சீங்களா? எனக்குத் தெம்பு ஒண்ணுகூட இல்ல, எல்லாம் சோளத்துக்கே போச்சு!"

"தெரியும் மேகலா, கேம்ல ஆனை இல்லன்னு" என்றார் மெதுவாக. "ஆனா பின்னால மலை இருக்குது பாரு. கதிர் முத்தி நிக்குது. பள்ளம் இல்லாம அப்பிடியே விட்டுட்டு ஷிப்டுக்கு வர மனசு வரல."

எங்கள் பக்கம் மலையோர வயல்களில் யானை புகாமலிருக்கச் சுற்றிப் பள்ளம் வெட்டுவார்கள். தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டு நிலம் இரண்டரை ஏக்கர். மூன்று வருடம் முன்பு, நாளைக்கு அறுப்பு என்று ஆள் சொல்லிவைத்திருந்த ராகியை யானைகள் வந்து ஒரே இரவில் துவைத்துப் போட்டுவிட்டன. மறுநாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தவர், அந்த மாதமே கம்பெனியில் சேர்ந்தார். அதைப்பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மணி மூன்று முப்பத்தெட்டு, அழ நேரமில்லை.

"உங்ககிட்ட தெம்பு எவ்ளோ பாக்கி?"

"மூணு."

"வண்டிக்கு ரெண்டு கட்டம் போதும். மூடுங்க சீக்கிரம்!"

மூடினார். ஒன்று. சிக்னல் சுற்றியது. என் உயிரும் கூடவே சுற்றியது. இரண்டு. தள்ளினோம்! வண்டி குலுங்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டியது. நான் கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன், எப்போது ஏறினேன் என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து கேமில் அவருடைய ஆள் வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினான்.

"எங்க போறீங்க!"

"ஒரு நிமிசம் இரு."

ஓடிப்போய், கையில் பாக்கியிருந்த அந்த ஒரு தெம்பையும் போட்டு, மூடிய இரண்டு கட்டத்தில் ஒன்றை மறுபடி தோண்டிவிட்டு வந்தார். இந்த மனுஷனை என்ன செய்வது? திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம். சிரித்துக்கொண்டே தள்ளினோம்.

மூன்று நாற்பத்துநாலுக்குச் சந்தைக்குள் நுழைந்தோம். கொடி, மேளம், பட்டாசு! பொம்மை ஜனங்கள் எங்கள் சோளத்தைச் சுற்றி ஆடினார்கள். திரையில் எங்கள் இருவர் பெயரும் வந்தது, மேகலா, மாதேஷ். அதற்குக் கீழே நான் ஆறு மாதமாக ஏங்கிய 'முற்றும்'.

"முடிஞ்சிதுங்க!" என்று கூவினேன்.

"சரி, பெல் அடிச்சிட்டாங்க, போறன்" என்று வைத்துவிட்டார். ஆனால் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும் வினோதாவிடம் முதல் வேலையாக, "ஆயித்து!" என்றேன். அவள் கைதட்டியதில் தூங்கிக்கொண்டிருந்த நாலு பேர் விழித்துக்கொண்டார்கள். முடித்த கேமை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு கார் பந்தயம் ஏற்றலாம் என்று அவள் என் போனை வாங்கப் பார்த்தாள். இரு என்று சொல்லி, வயலைத் திறந்தேன்.

முடிந்த பிறகும் வயல் அப்படியேதான் இருந்தது. ஓரத்தில் பாதிச் சோளம் இன்னும் அறுக்காமல் நின்றது, பின்னால் மலை. வாசலில் மட்டும் ஒரு கட்டம் பள்ளமில்லாமல் திறந்து கிடந்தது. புது நாள், எனக்குப் பன்னிரண்டு தெம்பு வந்திருந்தது. மண்வெட்டியை எடுத்து அந்த ஒரு கட்டத்தை நானே தோண்டினேன். பிறகு பலகையில், மதியம் அவர் ஷிப்டுக்குப் போகும்போது பார்ப்பதற்காக எழுதினேன்:

"பள்ளம் முழுசா முடிஞ்சது. கதிர் பத்திரம். நிம்மதியா வேலைக்குப் போங்க."