மீராசாவின் தம்பி

1

இந்தக் கதை என் தற்பெருமையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1955இல் எனக்குப் பெண் பேசியபோது, பெண்ணின் வாப்பா யுத்தத்தில் மௌத்தான பட்டாளக்காரர் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாய்ந்தமருதில் அப்படியொரு மாமனார் வேறெந்த வாத்தியாருக்கு வாய்த்தார்? அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கதை எழுதிவிட வேண்டும் என்று குந்தினேன்.

'மீராசா எகிப்தின் மணலில் சாய்ந்தபோது சூரியன்...'

(அடித்துவிட்டேன். எகிப்தை நான் கண்டதில்லை. சூரியனை விட்டால் வேறொன்றும் தோன்றவுமில்லை.)

2

தெரிந்ததை எழுதுகிறேன். மீராசா கல்முனைக்குப் பிழைக்க வந்த வெளியூர்க்காரர். சல்மா உம்மாவைக் கல்யாணம் முடித்தார். எனக்குப் பேசிய றம்லா பிறந்தாள். 1942இல் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினார், திரும்பவில்லை. யுத்தம் முடிந்த மறுவருடம் சரீப் என்பவர் மீராசாவின் தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்று, "நான் அவர்ட தம்பி. ஒரே படையில இருந்த" என்றார். நம்பினார்கள்.

[எப்படி நம்பினார்கள் என்று வெளியூர் வாசகர் கேட்பார். எங்கள் பக்கத்தில் ஓர் ஆளின் பூர்வீகத்தை விசாரிப்பதென்றால் உம்மாவின் குடியை, அதாவது வம்சத்தை, விசாரிப்பது. குடி உம்மா வழியில்தான் இறங்கும். வாப்பா வழியை யாரும் கிளறுவதில்லை. அந்தப் பெரிய ஓட்டைக்குள்ளால்தான் சரீப் வந்தார்.]

சம்மாந்துறை அரிசி ஆலையில் அவருக்கு வேலை. ஒன்பது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து போனார். றம்லா குமரான பிறகும் அவள் மறைவில்லாமல் முன்னால் வந்த ஒரே ஆண் அவர்தான். வாப்பாவின் தம்பியல்லவா, சாச்சா.

3

கதைக்குத் தகவல் வேண்டுமென்று கொழும்பிலுள்ள பட்டாள அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். வியாழக்கிழமை நிக்காஹ். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மூன்றே வரி. மீராசா அநாதை விடுதியில் வளர்ந்தவர். உடன்பிறந்தோர் எவருமில்லை. உறவென்று அவர் எழுதிக் கொடுத்தது மனைவியின் பெயரை மட்டும்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் ஒளித்தேன். ஏனென்று சொல்கிறேன். எங்கள் மார்க்கத்தில் பெண்ணை வாப்பா, அவரில்லாவிட்டால் வாப்பா வழி ஆண் ஒருவர், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டும். அவரை வலி என்போம். றம்லாவுக்கு வலியாக இருக்கப் போகிறவர் சரீப். தம்பியே அல்லாதவர் தம்பியாக இருந்து என் கையைப் பிடித்தால் நிக்காஹ் செல்லாது. தெரிந்துகொண்டு நான் எப்படி அதில் உட்காருவது? வெளியே சொன்னாலோ, எவனோ ஓர் அந்நியன் ஒன்பது வருடம் விதவை வீட்டுக்குள் நடமாடினான் என்று ஊர் சல்மா உம்மாவைக் கிழித்துப் போட்டுவிடும். அந்தக் கறை றம்லாமீதும் விழும்.

4

'சரீப்பின் கண்களில் கள்ளம் தெரிந்தது...'

(பொய். கண்களில் உமி விழுந்திருந்தது. சால்வையால் துடைத்துக்கொண்டிருந்தார்.)

புதன்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆலைக்குப் போனேன். "வாங்க மருமகன்" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"ஓம்" என்றார். "அவருக்கு ஆருமில்ல. என்ட மடியிலதான் மௌத்தானார். புள்ளயப் பாத்துக்க எண்டார். அந்நிய ஆம்புள எப்படிப் பாக்கிற? தம்பி எண்டாத்தானே உள்ளுக்கு விடுவாங்க?"

"நாளைக்கு வலியா இருக்கிறது ஹறாம் எண்டு தெரியாதா?"

"தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் சொல்ல எண்டுதான் வந்த. சல்மா உம்மாட பேர் என்னாகும் மருமகன்? வாய் வரல்ல."

அவர்மீது கோபப்படத்தான் சைக்கிளை மிதித்துப் போயிருந்தேன். முடியவில்லை. வழி ஒன்றுதான் இருந்தது. வலியில்லாத பெண்ணுக்கு நிக்காஹ் நடத்தும் காதியாரே வலி. வலி தூரதேசம் போயிருந்தாலும் அவரே. சரீப் நாளை ஊரில் இல்லாமல் போனால், ஊருக்கு ஒரு காரணம் கிடைக்கும், நிக்காஹும் செல்லும்.

"நீங்க போயிரணும் சாச்சா" என்றேன். அப்போதும் வாயில் சாச்சா என்றுதான் வந்தது.

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்.

"றம்லா கோவிப்பா" என்றேன்.

"கோவிக்கட்டும். சாச்சா எண்டுதானே கோவிப்பா? அது போதும். நீங்க மட்டும் ஒருநாளும் சொல்லிராதீங்க." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

5

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சரீப் பள்ளிவாசலுக்கு வந்து எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்கிறார். (அவர் அப்படிப்பட்டவரல்ல.) இன்னொன்றில் வேலிக்கு அப்பால் நின்று கல்யாணத்தைப் பார்த்து... (சினிமா.) மூன்றாவதுதான் நடந்தது. அவர் விடியக் காலை பஸ்ஸிலேயே போய்விட்டார். அஸர் தொழுகை வரை காத்திருந்துவிட்டுக் காதியார் நடத்தி வைத்தார். பொன்னுருக்கிப் போட்டது போலிருந்த றம்லாவின் முகம் அன்றெல்லாம் அழுது வீங்கியிருந்தது. வாப்பா செத்தபோது கூட இப்படி அழவில்லை என்றார் சல்மா உம்மா.

நான்கு வருடமாகிறது. சரீப் ஆலைக்குத் திரும்பினார், எங்கள் வாசலுக்குத் திரும்பவில்லை. நேற்றுச் சம்மாந்துறையிலிருந்து ஆள் வந்து, அவர் படுக்கையில் கிடக்கிறார், இனித் தேறமாட்டார் என்று சொல்லிப் போனார்.

"என்ட நிக்காஹுக்கு வராத சாச்சாவப் பாக்க நான் என்னத்துக்குப் போற?" என்கிறாள் றம்லா.

உண்மையைச் சொன்னால் இந்த நிமிடமே ஓடுவாள். ஆனால் அவர் கட்டிலருகே போய் நிற்பது அண்ணன் மகளாக அல்ல, யாரோ ஒருத்தியாக. சொல்லாவிட்டால் அவர் சாச்சாவாகவே மௌத்தாவார், தன்னந்தனியாக. நான் கொடுத்த வாக்கு பெரிதா, அந்த மனிதர் கடைசியாக ஒரு தரம் அவள் முகத்தைக் காண்பது பெரிதா? எனக்கு விளங்கவில்லை. பயமாக இருக்கிறது.

நான் எழுதும் எதையும் முதலில் வாசிப்பவள் அவள். இதோ, கை கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள்.

"எழுதி முடிஞ்சா? தாங்களன் பாப்பம்."

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் முழுவதையும் வாசித்துவிட்டீர்கள். சொல்லுங்கள், கொடுக்கட்டுமா?