யாதெரின் ரத்தம்

இடுப்புக்கு மேலே, முதுகின் இரண்டு பக்கமும், யாரோ முழங்காலால் முட்டுவதுபோல் வலித்தது. எவெனோர் கரும்பு வெட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து நின்றான். வெட்டுக்கு முன் சருகை எரிக்க நேற்று தோட்டத்துக்கு வைத்த தீயின் கரி வாயெல்லாம் ஒட்டியிருந்தது. காலையில் சிறுநீர் போனது நாலு சொட்டு. அதுவும் கறுப்புக் காப்பி நிறம். அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டவில்லை.

பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த யாதெர் நிமிர்ந்து பார்த்தான். எவெனோர் மனைவியின் அண்ணன் அவன்.

"என்ன மாப்ள, கரும்பு உன்னை வெட்டுதா?"

"கால்ல பலமே இல்ல மச்சான். நெஞ்சு ஒரு அடி அடிச்சிட்டு அடுத்ததை மறந்துடுது."

"டாக்டர்கிட்ட போலாம் வா."

"போனா ரத்தம் எடுப்பாங்க."

அறுவடைக்கு முன்னால் ஆலை மருத்துவமனையில் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள். கிட்னி கெட்டதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தால் வேலை கிடையாது. எவெனோருக்குப் போன வருடமே ஏறிவிட்டது. இந்த வருடம் எவெனோரின் அட்டையைக் காட்டி, ரத்தம் எடுக்கத் தன் கையை நீட்டியவன் யாதெர்தான்.

"அப்போ இளநியாவது குடி. தங்கச்சி குடுத்தது. கிட்னியைக் கழுவிவிடும்."

வெட்டுக்காரர்கள் எல்லோரும் நம்புவது அது. எவெனோர் இளநி இருந்த கேனைக் காலி செய்தான். கொஞ்ச நேரத்தில் கைவிரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டன. சாம்பலில் விழுந்தான்.

யாதெர் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தான்.

"வேணாம் மச்சான், ரெண்டு பேர் பொழப்பும் போயிடும்."

"செத்துப்போய் என்ன பொழப்பு? வாயை மூடு."

ஆலை மருத்துவமனையில் டாக்டரம்மா அறுவடைக்கு முன் எடுத்த ரத்தச் சீட்டைப் பார்த்தாள். "கிட்னி நல்லாத்தானே இருக்கு. வெயில் மயக்கம்தான். உப்புத் தண்ணியைக் கலந்து குடிக்கக் குடுங்க, பொட்டாசியம் சேர்த்தது."

நர்ஸ் டம்ளரை எவெனோர் உதட்டருகே கொண்டுபோனாள். யாதெர் வாசலைப் பார்த்தான். மேஸ்திரி நின்றுகொண்டிருந்தான்.

"குடுக்காதீங்க! அந்தச் சீட்டுல இருக்கிறது என் ரத்தம். இவனுக்குக் கிட்னி எப்பவோ போச்சு."

டாக்டரம்மா டம்ளரைப் பிடுங்கினாள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டிக் காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது.

"என்ன குடிச்சான்?"

"இளநி. ஒரு கேன்."

"அதுலயும் பொட்டாசியம்தான்யா! நல்ல கிட்னின்னா அதிகமானதை வெளியே தள்ளிடும், தேவையானதைப் பிடிச்சு வைக்கும். தண்ணி, உப்பு எல்லாமே அப்படித்தான். இவனுக்கு எதுவும் வெளியே போகல. ரத்தத்துல ஏறி நெஞ்சை நிறுத்தப் பாக்குது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

எவெனோருக்கு எல்லாம் கேட்டது. வாய் திறக்க முடியவில்லை. அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தான். அது வருவதற்குள் அப்பாவின் வீங்கிய முகம் வந்து போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து உடம்புக்குள் அனுப்பியது. பிழைத்தான். இனி வாரத்தில் பாதி நாள் அந்த இயந்திரத்தோடுதான். யாதெர் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்றான்.

"என்னையும் வேலையை விட்டு அனுப்பிட்டானுங்க மாப்ள."

எவெனோர் கணக்குப் போட்டான். மச்சானுக்கு அவன் கொடுக்கவேண்டியது தன்னால் போன இந்த அறுவடைக் காலம் முழுவதற்குமான கூலி.