நாலாவது மிஷின்

வாசலில் காவலாளி மீசைக்காரரின் சாப்பாட்டுப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு டப்பா, ஒரு துண்டு, ஒரு ஸ்பூன். டப்பாவையும் திறந்து பார்த்தான்.

"பார்சலை முழுங்கிட்டேன்னு நெனச்சியா தம்பி? வயித்தையும் தட்டிப் பாரேன்" என்றார் மீசைக்காரர். சிரித்தது அவர் மட்டும்தான்.

பின்னால் நின்ற கம்ப்யூட்டர்காரிக்கும் சந்தேகம்தான். அந்தக் கூரியர் கிடங்கில் தினமும் அவள் எடுக்கும் ரிப்போர்ட்டில், வந்த பார்சல்களில் சில வண்டியில் ஏறியதாகக் காட்டவில்லை. எல்லாம் புதிதாகத் திறந்த ஏரியாவுக்குப் போகிறவை. அந்த வண்டிக்கு லோடு ஏற்றுகிறவர் மீசைக்காரர். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அவர் தண்ணீர் குடிக்க அறைக்குள் வந்தால், அவள் கை தானாகக் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

ரிப்போர்ட்டில் அவளுக்குக் கொள்ளை நம்பிக்கை. வண்டியில் ஏற்றும்போது ஸ்கேன் செய்த பார்சல்களின் மலை போன்ற ஃபைலை, ஏரியா எண்கள் இருக்கும் குட்டிப் பட்டியலோடு பொருத்த வேண்டும். முன்பெல்லாம் ஒரே கம்ப்யூட்டர் மிஷின் முக்கி முனகி மதியம்வரை இழுத்தடிக்கும். ஃபைலை நாலாகப் பிரித்து நாலு மிஷினுக்குக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் பட்டியலுக்கு ஒரு காப்பி போட்டுவிட்டாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

பையைச் சோதித்த அந்த வாரமே, திருடினார் என்று மீசைக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"சார், பார்சல் வரலேன்னு ஒருத்தர்கூட போன் பண்ணலையே?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"பண்ணுவாங்கம்மா. பொறு."

அது அவள் மனதை அரித்தது. விடுபட்ட பார்சல்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். எல்லாமே நாலாவது மிஷினில் ஓடியவை. புது ஏரியாவின் எண்ணைச் சேர்த்த அன்று அந்த மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபின் அதில் இருந்தது பழைய பட்டியல். அவள்தான் மாற்ற மறந்திருந்தாள். பட்டியலில் எண் இல்லாத பார்சலை மிஷின் சத்தமில்லாமல் ரிப்போர்ட்டிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறது. பார்சல்களோ ஒழுங்காக வண்டியேறி வீடு போய்ச் சேர்ந்திருந்தன.

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு புதுக் காப்பியைப் போட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா? ஆளை அனுப்பினதும் ஒண்ணுகூட கொறையல!"

"சார், அவர் எடுக்கல. நாலாவது மிஷின்ல பழைய பட்டியல் இருந்துச்சு. நேத்துதான் மாத்தினேன்."

அவர் கதவைச் சாத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் காப்பி போட்டது யாரு?"

"நான்தான்..."

"மேல சொல்லலாம். ஒரு ஆளைத் தப்பா நிறுத்திட்டோம்னு நான் எழுதணும். யாரால தப்புன்னும் எழுதணும். என்ன, எழுதட்டுமா?"

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. போய் உட்கார்ந்து மிஷினைத் தட்டத் தொடங்கினாள்.

மாலையில் வாசலில் லோடுமேன்கள் பையைத் திறந்து வைத்தபடி வரிசையில் நின்றார்கள். மீசைக்காரரின் இடத்துக்கு வந்திருந்த புது ஆள், கேட்கும் முன்பே டப்பாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவளும் தன் கைப்பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள்.

"ஐயோ, நீங்க எதுக்கு மேடம்" என்று காவலாளி கேட்டை அகலத் திறந்துவிட்டான். "நீங்க போங்க."