பெரியவருக்கு ஒரு கோட்டு எனாமல்

தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையின் வாசலில் முதலாளியின் அப்பா மார்பளவுக்கு நின்றிருந்தார். இறந்த பிறகு இரும்பில் வார்த்து வைத்த சிலை. மழை பெய்தால் மூக்கிலிருந்து துரு ஒழுகி, தொங்குமீசை வழியாக மோவாய்க்கு இறங்கும். பெரியவருக்குத் தீராத ஜலதோஷம் என்று பட்டறையில் பேச்சு.

அவருடைய தங்கை, முதலாளிக்கு அத்தை, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருந்தார். அத்தைக்கு வாய் நீளம். முதலாளி பதறிப்போய், தொட்டிகளுக்கு ஸ்ப்ரே கன்னால் எனாமல் அடிக்கும் ஸ்ப்ரேக்காவைக் கூப்பிட்டார்.

"அப்பாவுக்கு ஒரு கோட்டு அடிச்சு விட்டுடுங்கக்கா."

"துரு மேலயே அடிச்சா நிக்காது சார். கிரைண்டர் போட்டுத் தேய்ச்சு, ப்ரைமர் குடுத்துட்டுத்தான் அடிக்கணும்."

"எங்கப்பா மூஞ்சியில கிரைண்டரா? வேணாங்க்கா, சும்மா அடிங்க."

அடித்தாள். இரண்டு மழைக்கே பெயிண்ட் உப்பிக்கொண்டு கன்னமெல்லாம் கொப்புளம். அந்தக் கோலத்தில்தான் அத்தை வந்து பார்த்தார்.

"எங்கண்ணனுக்கு என்னடா, அம்மை போட்டிருக்கா?"

முதலாளி தயங்கித் தயங்கி கிரைண்டர் விஷயத்தைச் சொன்னார்.

"செத்தவனுக்கு வலிக்கவா போகுது? நீ தேய்ம்மா" என்றார் அத்தை.

ஸ்ப்ரேக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரைப் போட்டாள். பெரியவர் உயிரோடு இருந்தபோது ஈரப் பெயிண்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதென்ன தழும்பு?" என்று அவளையே திட்டுவார். அந்த ஞாபகத்தில் கை கொஞ்சம் உற்சாகமாகவே அழுத்திவிட்டது. நிறுத்திப் பார்த்தபோது பாதி மீசையைக் காணோம்.

"சார், மீசை போயிருச்சு. என் தப்புதான்."

முதலாளி பக்கத்திலிருந்த காலி டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அத்தை கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"மிச்சத்தையும் எடுத்துடும்மா. எங்கண்ணி அந்த மீசையை எடுக்கச் சொல்லிச் சொல்லியே ஓஞ்சு போனா."

"அம்மா எங்கிட்ட சொன்னதே இல்லயே அத்தை."

"உங்கிட்ட சொல்லி? நீயும் அவன் மாதிரியே வளத்துக்கிட்டுத் திரிஞ்சே."

முதலாளி மழித்திருந்த தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். அம்மா போனபோது மொட்டையடித்ததோடு எடுத்த மீசை. ஏனோ திரும்ப வைக்கவில்லை. டின்னிலிருந்து எழுந்து, "எடுத்துடுங்கக்கா" என்றார்.

ப்ரைமர் காய்ந்ததும் தொட்டிக்கு அடிக்கும் சாம்பல் நிற எனாமலையே மெல்லிசாக அடித்தாள். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. மழைக்காலம் முழுக்க நனைந்தும் ஒரு பொட்டுத் துரு ஏறவில்லை.

மீசை போனதில் பெரியவர் அச்சு அசல் மகன் மாதிரி ஆகிவிட்டார். தகடு இறக்க வந்த புது லாரிக்காரர் சிலையையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உயிரோட இருக்கும்போதே சிலை வச்சுட்டீங்களா சார்? நல்லதுதான், அப்புறம் யாரு வைப்பா."

முதலாளி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வண்டியைப் பின்பக்கம் விடச் சொன்னார்.