உடைந்தும் விழாத கண்ணாடி

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியமும் என்னுடையது இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி அரைத்து வாங்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம் சொன்னாள்:

“உடைஞ்சும் விழலையே அண்ணாச்சி, அவ வீட்டுக் கண்ணாடி.”

குரலில் வியப்பு இல்லை. பொறாமை இருந்தது. நன்றாகப் பழுத்த பொறாமை. ஒரு கண்ணாடி உடைந்ததைப் பார்த்துக்கூட ஒருத்திக்குப் பொறாமை வருமா? வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பொறாமைதான், அந்த வாக்கியத்தின் மேல். இத்தனை வருடம் எழுதுகிறேன், என் பாத்திரங்களில் ஒருத்தியும் இப்படிப் பேசியதில்லை.

அன்று வாங்கிய பொடி தீர்ந்துவிட்டது. வாக்கியம் தீரவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘பெஹாலாவின் மேல் அன்று மாலை வானம் கறுத்து…’ வேண்டாம். புயலில் தொடங்கினால் நீங்கள் வானத்தைப் பார்ப்பீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: ‘சுலோசனா நல்லவள்தான், ஆனால்…’ இந்த ‘ஆனால்’ வந்ததுமே பேனாவை வைத்துவிட்டேன். கதை எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு புறம்பேசக் கூடாது.

மூன்றாவது இதுதான். இருக்கட்டும்.

கொல்கத்தாவின் பெஹாலாப் பகுதியில் ஒரு வாடகைக் குடியிருப்பு. மூன்றாம் மாடியில் சுலோசனா, எதிர்வீட்டில் நீலாவதி. இருவர் கணவன்மாருக்கும் கிடர்பூர்ப் பக்கம் வேலை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் ஆளுக்கொரு விளக்கோடு சுலோசனா வீட்டுக் கூடத்துக்கு வருவார்கள். விளக்கு பூஜை. நூற்றெட்டுப் போற்றியையும் புத்தகம் பார்க்காமல் சொல்வது சுலோசனா ஒருத்திதான். இந்தப் பெரிய ஊரில் அவளுக்கென்று இருந்த மரியாதை அது.

ஒரு சித்திரை வெள்ளியன்று கால்பைசாகி* அடித்து, கூடத்து ஜன்னல் கண்ணாடி சிதறி விளக்குகளின் மேலும் பிள்ளைகளின் மேலும் விழுந்தது. மகேஸ்வரியின் மகள் சஹானாவுக்கு நெற்றியில் தையல்.

(*சித்திரை, வைகாசியில் வங்காளத்தில் வரும் மாலைப் புயல். கொல்கத்தாவில் இருந்தவர்களுக்கு இந்த அடிக்குறிப்பு தேவையில்லை. அவர்கள் இந்நேரம் எழுந்து ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள்.)

அடுத்த வாரமே நீலாவதியின் கணவர் முருகானந்தம், தன் அலுவலகத்து ஜன்னல்களுக்கு, உடைந்தால் சிதறாமலிருக்க, பிளாஸ்டிக் பாதுகாப்புப் படலம் ஒட்டிய ஆட்களை அழைத்து வந்து வீட்டு ஜன்னலுக்கும் ஒட்டவைத்தார். மகேஸ்வரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பூஜைய இனிமே நீலாக்கா வீட்டுல வச்சுக்கலாமா? அங்க ஃபிலிம் ஒட்டியிருக்கு. பிள்ளைங்க உக்காரற இடம்…”

“நான் என்னத்தத் தப்பா எடுக்கப் போறேன்? எடுத்துட்டுப் போறது நீங்கதானே” என்றாள் சுலோசனா.

3

இங்கே நான் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் கொடுக்க விரும்பினேன். நல்லவேளையாக அந்தப் படலமே கொடுத்தது.

சோப்புத் தண்ணீர் தெளித்து, படலத்தைக் கண்ணாடியின் உட்புறம் பரப்பி, ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்துத் தள்ளுவார்கள். எவ்வளவு தள்ளினாலும் கொஞ்சம் ஈரம் தங்கிவிடும். அது காயும்வரை கண்ணாடி திட்டுத்திட்டாகப் பால் படிந்த மாதிரி இருக்கும்.

“என்ன நீலா, உன் ஜன்னலுக்குக் கண்புரை வந்தாப்ல இருக்கு?”

“தண்ணி காயணுமாம்க்கா. ஒரு மாசத்துல தெளிஞ்சிரும்னாங்க.”

“தெளியும் தெளியும். டாக்டரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

அந்த மாதம் சுலோசனாவுக்கு நல்ல தூக்கம். பிறகு ஒருநாள் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். திட்டுகள் போய்விட்டன. படலம் ஒட்டிய அடையாளமே இல்லை. அவள் வீட்டுக் கண்ணாடியும் அந்தக் கண்ணாடியும் ஒரே மாதிரி இருந்தன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பட்டுப்புடவை என்றால் அது சாயம் போகும் என்றாவது சொல்லலாம். கண்ணுக்கே தெரியாத ஒன்றை என்ன குறை சொல்வது?

அவள் கணவர் மருதமுத்து, “நாமளும் ஒட்டிருவோமே” என்றார்.

“அவ ஒட்டினதையா? அப்புறம் அவ வீட்டுல என்ன சாம்பார்னு கேட்டு நானும் அதையே வைக்கவா?”

வெள்ளிக்கிழமைகளில் தன் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக விளக்கேற்றினாள். எதிர்வீட்டில் நீலாவதி புத்தகம் பார்த்துப் படிப்பது கேட்கும். தடுக்கித் தடுக்கிப் படிப்பாள். சுலோசனா அம்பாளிடம் கேட்டாள்: “யாருக்கும் அடிபட வேண்டாம். ஆனா அந்தக் கண்ணாடி ஒரு தடவை உடையணும்.”

(பக்தியுள்ள பெண் இப்படிக் கேட்பாளா என்று இந்த வரியை இருமுறை அடித்தேன். பிறகு நான் கோயிலில் நின்று கேட்டவற்றை நினைத்துப் பார்த்து, வரியைத் திரும்ப எழுதிவிட்டேன்.)

4

அம்பாள் கேட்டாள். அடுத்த சித்திரை, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு தகரத் துண்டு பறந்து வந்து நீலாவதியின் ஜன்னலில் மோதியது. அந்தச் சத்தத்துக்காக ஒரு வருடம் காத்திருந்தவள் ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

கண்ணாடி உடைந்திருந்தது. மூலைக்கு மூலை விரிசல். ஆனால் ஒரு சில்லுகூட விழவில்லை. எல்லாம் படலத்தில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றன. அதன் கீழே உட்கார்ந்திருந்த சஹானா, “கிச்சு ஹொய்னி மா” என்றாள். ஒன்றும் ஆகவில்லையாம்.

சுலோசனா பார்த்தாள். தான் கேட்டது கிடைத்த விதத்தைப் பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. படலம் சில்லுகளைப் பிடித்திருந்தது. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருந்த மக்குப் பூச்சோ பழையது, காய்ந்து விட்டுப்போயிருந்தது. காற்று தள்ளத் தள்ள, கண்ணாடி முழுசாக ஒரே பாயாக உள்ளே சரிய ஆரம்பித்திருந்தது.

‘அவள் ஒரு கணம் தயங்…’ இல்லை. தயங்கவில்லை. அந்த நல்லதை நான் அவளுக்கு இனாமாகக் கொடுக்கவில்லை, அவள் அப்படித்தான் செய்தாள்.

“பிள்ளைங்கள அந்தப் பக்கம் கொண்டு போ. நீலா, மெத்தைய எடு.”

கட்டில் மெத்தையை ஜன்னலோடு அழுத்தி ஒரு பக்கம் சுலோசனாவும் மறுபக்கம் நீலாவதியும் பிடித்துக்கொண்டார்கள். கரண்ட் போயிருந்தது. விளக்குகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். பாதியில் நின்ற பூஜை.

“அக்கா, நீங்க சொல்லுங்களேன். எனக்குக் கை ஒழியல.”

“கை ஒழிஞ்சிருந்தா மட்டும்? போன வாரம் நீ படிச்சதுல ஏழெட்டுப் போற்றியக் காணோம்.”

“கதவ சாத்திக்கிட்டு அதையுமா எண்ணினீங்க?”

மெத்தையில் முகத்தை வைத்தபடி, விளக்குகளுக்கு முதுகு காட்டிக்கொண்டு, சுலோசனா முதல் போற்றியிலிருந்து தொடங்கினாள். பின்னால் எல்லாரும் சொன்னார்கள். தன் உடம்பால் அவள் தாங்கிக்கொண்டிருந்தது அவளுக்குப் பிடிக்காத கண்ணாடியை.

5

இங்கே நிறுத்தியிருக்கலாம். எனக்கு அப்படி நிறுத்தத்தான் ஆசை. ஆனால் முடிவு வேண்டுமே.

அ) மீந்த படலத்தை நீலாவதி செய்தித்தாளில் சுற்றி சுலோசனா வீட்டு வாசலில் சாய்த்து வைக்கிறாள். சுலோசனா எடுத்து ஒட்டிக்கொள்கிறாள். பூஜை ஒரு வாரம் இந்த வீடு, ஒரு வாரம் அந்த வீடு. (எழுதி முடித்ததும் மனசு நிறைந்தது. அதனால்தான் சந்தேகம்.)

ஆ) எடுக்கிறாள், ஜன்னலுக்கு ஒட்டவில்லை. அம்பாள் படத்துக் கண்ணாடிக்கு அளவாக வெட்டி ஒட்டுகிறாள்.

இ) எடுக்கவே இல்லை.

இவற்றில் முதல் முடிவு, லேக் மார்க்கெட்டில் கேட்ட அந்தக் குரலோடு மோதுகிறது. புயலெல்லாம் முடிந்த பிறகு பேசிய குரல் அது. அதில் பொறாமை அப்படியே இருந்தது. கரைந்துவிட்டது என்று நான் எழுதினால் அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னதாகும்.

அன்று காதில் விழுந்ததை மட்டும்தான் சொன்னேன், கண்ணில் பட்டதைச் சொல்லவில்லை. அவளோடு இன்னொருத்தி நின்றாள். இருவருக்கும் நடுவே ஒரு பெரிய காய்கறிப் பை. ஒரு காதை இவள் பிடித்திருந்தாள், மறு காதை அவள். யார் அவள் என்று எனக்குத் தெரியாது. நீலாவதி என்று நான்தான் வைத்துக்கொண்டேன்.

“உடைஞ்சும் விழலையே அண்ணாச்சி, அவ வீட்டுக் கண்ணாடி” என்று இவள் பக்கத்தில் நின்றவளைத் தாடையால் காட்டிச் சொன்னாள். மற்றவள் பையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து, கனத்தைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு ஏதோ பதில் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் அரவை இயந்திரத்தை ஓடவிட்டார். எனக்குக் கேட்கவில்லை.

அந்தப் பதிலைக் கேட்டவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, பையைத் தன் பக்கம் திருப்பி இழுத்தாள்.

அந்தப் பதிலை நான் பலமுறை எழுதி அடித்துவிட்டேன். அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். பையின் மறு காது உங்கள் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்:

“…