பீரோக்காரரின் பித்தப்பைக் கல்

பீரோக்காரருக்குக் கோளாறு முதுகில்தான். இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் பித்தப்பையில் கல் என்றே ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலில் அவர்கள் மூன்று தலைமுறை. இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக மூன்று மாடி சுமந்து ஏற்றியவர் அவர். அந்த வீட்டு முதுகு போய்விட்டது என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள்? அதிலும் சம்பந்தி? ஊரின் மறுகோடியில் அவருக்கும் இதே தொழில். "எங்க வீட்டு முதுகு வளையாது சம்பந்தி" என்று அவரிடம் பார்க்கும்போதெல்லாம் அளந்துவிட்டு, இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

அந்தச் சம்பந்திதான் ஆபரேஷன் அன்று காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று கிளப்பிப் பார்த்தார் பீரோக்காரர். சம்பந்தி பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். காற்றாட நடந்துவிட்டு வரலாமே என்றதற்கு, மின்விசிறியைக் காட்டினார்.

பீரோக்காரர் கழிவறைக்குப் போகும்போது இடது கால் செருப்பு கழன்று பின்தங்கிவிட்டது. மரத்துப்போன காலுக்கு அது தெரியவே இல்லை. சம்பந்தி அதை எடுத்துக் கட்டிலடியில் வைத்தார்.

மருத்துவர் வந்தார். சின்ன வயதுப் பெண், கையில் மைப்பேனா.

"வலி எந்தப் பக்கம்யா? குறி போடணும்."

பித்தப்பை இருப்பது வலப்பக்கம். பொய்க்குப் பொருத்தமாக இருக்கட்டுமென்று, "வலது" என்றார் பீரோக்காரர்.

பேனா நின்றது.

"போன வாரம் இடதுன்னீங்க. ஸ்கேன்ல ரெண்டு பக்கமும்தான் தெரியுது. நீங்க சொல்ற பக்கம்தான் நான் துளை போடுவேன். சந்தேகம்னா இன்னிக்கு வேண்டாம்."

தள்ளிப்போட்டால் பாதத்தைத் தூக்கவே வராது என்று முன்பே எச்சரித்தவரும் இதே மருத்துவர்தான். பீரோக்காரர் தன் இடது கால் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவர் சொல் கேட்காதது அது ஒன்றுதான்.

"இடது கால்மா. முதுகுலேர்ந்து இறங்குது. பித்தப்பை நல்லாத்தான் இருக்கு."

மருத்துவர் குறி போட்டுவிட்டுப் போனார். சம்பந்தி எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். இடுப்பில் நகத்தளவுக்கு ஒரு தழும்பு.

"செருப்பு கழண்டப்பவே தெரிஞ்சிடுச்சு. எனக்கு மூணு வருஷம் ஆச்சு. மறுநாளே நடந்துட்டேன்."

"கிட்னில கல்லுன்னுல்ல சொன்னீங்க?"

"நீங்க மட்டும் என்ன சொன்னீங்களாம்?"

மறுநாள் பீரோக்காரர் வராந்தாவில் நிமிர்ந்து நடந்தார். கால் வலி போன இடம் தெரியவில்லை. செருப்பு மட்டும் இன்னும் நழுவியது. போகப் போகச் சரியாகும் என்றார்கள். கட்டு மாற்ற வந்த நர்ஸிடம் காயத்தை அளக்கச் சொன்னார். பதினாறு மில்லிமீட்டர். சம்பந்தியுடையது பதினெட்டு, அவர் வாயாலேயே சொன்னது.

என்ன பிரயோஜனம்? இந்தப் பெருமையை வெளியே சொல்ல வழியில்லை. பித்தப்பைக் கல்லுக்கு முதுகில் ஏது தையல்?