தாய்மாமன் செய்த ஊசி

கத்தி செய்வதை ஞானவேல் குடும்பத்துக்காகக் குறைத்துக்கொள்ளப் போகிறான் என்ற செய்தி, குடும்பத்துக்கு முன்னால் இன்ஸ்டாகிராமுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளங்கியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, பெங்களூர்க்காரர்கள் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதற்குப் புலியே பயப்படுகிற மாதிரி கத்தி அடித்துக் கொடுப்பவன் அவன். "கூர்மையைவிட உறவு பெரிது" என்று எழுதி, தன் முதுகைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். நானூறு பேர் அழுகைப் பொம்மை போட்டார்கள். புருஷன் தன்னிடம் திரும்பி வருகிற விவரத்தைத் தமயந்திக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் போனில் காட்டினாள்.

இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். காரணம், தமிழ்மதியின் காது. ஞானவேலின் தங்கை மகாதேவியின் மகள் அவள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமனோ ஆர்டர் அவசரம் என்று இரண்டு தடவை தேதியைத் தள்ளிவிட்டான். கைக்குழந்தையில் குத்தியிருக்க வேண்டிய காதுக்கு இப்போது நாலு வயது. மூன்றாவது தேதி, பழனி அடிவாரத்தில்.

"இந்தத் தடவையும் அண்ணன் வரலேன்னா, எனக்குப் பொறந்த வீடே இல்லேன்னு நெனச்சுக்கிறேன் மதினி" என்றாள் மகாதேவி.

"நான் கூட்டிட்டு வர்றேன்" என்று வாக்குக் கொடுத்தாள் தமயந்தி.

முதல் மூன்று நாள் ஞானவேல் குடும்பத்தைப் பார்த்தான். அதாவது, உட்கார்ந்து பார்த்தான். தமயந்தி வெங்காயம் நறுக்கும்போது, "கோணம் தப்பு" என்றான். நாலாம் நாள் கேட்டான்:

"காதை எத வச்சுக் குத்துவாங்க?"

"ஆசாரி வச்சிருப்பாருங்க."

"என்ன இரும்புன்னு கேட்டியா?"

"காதுதாங்க குத்துறாங்க. பாறைக்கு வெடி வைக்கல."

"என் மருமகளுக்கு ஊர் பேர் தெரியாத ஊசியா?"

பட்டறைக் கதவு திறந்தது. குடும்பத்துக்காகத்தான்.

ஒரு ஊசிக்குப் பதினோரு நாள். பழைய லாரியின் வில்பட்டை இரும்பை அறுத்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி எடுத்தான். முதல் ஊசி வளைந்தது. இரண்டாவது ஒடிந்தது. மூன்றாவது காணாமல் போய், தமயந்தியின் உள்ளங்காலில் கிடைத்தது.

விசேஷத்தன்று வெள்ளனே சொன்னான்: "நீ பஸ்ல போ. பிடி மாட்டுற சோலி மட்டுந்தான் கெடக்கு. பைக்ல பின்னாடியே வெரசா வந்துருவேன்."

ஊசிக்கு எதற்குப் பிடி என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

முகூர்த்தம் பன்னிரண்டு மணிவரை. பதினொன்றே முக்காலுக்குத் தமயந்தி போன் போட்டாள்.

"பிடி மாட்டையில நுனி போயிருச்சு. புதுசு நெருப்புல இருக்கு. ரெண்டு மணி நேரம் நிறுத்தி வை" என்றான்.

"மாமன் எங்க தாயி?" என்று கேட்டார் ஆசாரி.

"ஊசி செய்யிறாருங்க."

"ஊசியா?" ஆசாரி தன் கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். "தங்கக் கம்பியவே கூராக்கி வச்சிருக்கேன். அதாலயே குத்தி, அப்படியே முறுக்கி விட்டுருவேன். நான் ஊசி தொட்டே இருபது வருசமாச்சு."

மகாதேவியின் மாமியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "பரவால்ல. பிள்ள கல்யாணத்தோட சேத்தே காது குத்திக்கலாம். ஒரே பந்தல்."

மகாதேவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தமயந்தி அதைப் பார்த்தாள். நேரே போய் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கொண்டா பிள்ளைய."

"மாமன் மடியிலதான் வழக்கம்" என்றார் மாமியார்.

"மாமன் பட்டறையில இருக்காரு. மடி இங்க இருக்கு. நீங்க குத்துங்கய்யா."

ஆசாரி குத்தினார். அடிவாரமே திரும்பிப் பார்க்கும்படி தமிழ்மதி அலறினாள்.

மூன்று மணிக்கு ஞானவேல் வந்து சேர்ந்தான். தேக்குப் பெட்டி, உள்ளே பட்டுத்துணி, அதன்மேல் கொம்புப் பிடி போட்ட ஊசி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பஞ்சாமிர்தக் கையோடு தமிழ்மதி வந்து எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு காதுதான் மாமா. ரெண்டும் முடிஞ்சிருச்சு."

ஞானவேல் பெட்டியை மூடவில்லை. குழந்தையின் மூக்கையே யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

மகாதேவி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கடைசிப் பந்தி போட்டாச்சு, வாங்க மதினி" என்று தமயந்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணன் ஊசியப் படம் எடுத்துட்டு மெதுவா வரட்டும்."